பார்க்காமல் வைத்திருந்தவர்

மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் ஏதோ அடிபட்டு வண்டி நின்றுவிட்டது. மாடா மனுஷனா என்று தெரியவில்லை. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கத்து ஜன்னல்களில் போய் அப்பிக்கொண்டோம். கழுத்து வலித்ததும் திரும்பிப் பார்த்தால், எங்கள் கல்லூரி பிசிக்ஸ் மேடம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாமல், மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க பாக்கலியா மேடம்?"

"நான் பாத்து இன்னாணா ஆவப் போவுது? டாக்டரா நானு?"

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எட்டிப் பார்ப்பதற்கு எதற்கு டாக்டர் பட்டம்? நம் ஊரில் பக்கத்து வீட்டுக் குழம்பு கொதித்தால்கூட என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுத்தானே அடுத்த வேலை. அவர் அப்படி இல்லை. பார்ப்பது என்பதையே அவர் ஒரு காரியமாக நினைத்தார். செய்தால் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும், ஏற்க முடியாது என்றால் செய்யக் கூடாது. இருபத்தைந்து வருடம் கூட வேலை பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

1993இல், ஒரே மாதத்தில், அந்தக் கல்லூரியில் நாங்கள் இருவரும் சேர்ந்தோம். விழுப்புரத்திலிருந்து காணை போகிற சாலையில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் புதிதாகக் கட்டிய கல்லூரி. அவர் விரிவுரையாளர், நான் பிசிக்ஸ் லேப் உதவியாளர். அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு முப்பத்து மூன்று. அந்தக் கரும்புத் தோட்டங்களில் கூலிக்கு வெட்டியவர் என் அப்பா. அதனால் மற்ற ஆசிரியர்கள் என்னைப் பெயர் சொல்லியோ, 'யோவ்' என்றோ கூப்பிடுவார்கள். இவர் முதல் நாளே 'அண்ணா' என்றார். பிறகு அது 'ணா' என்று சுருங்கி, கடைசி வரை அப்படியே இருந்தது. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

சேர்ந்த புதிதில் அவருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவார்கள். திங்கட்கிழமை மேடம் ஒன்றும் நடக்காதது போல் வகுப்புக்கு வருவார். ஒரு கட்டத்தில் அது நின்றுபோனது. நான் சும்மா இருப்பேனா, கேட்டுவிட்டேன். ஸ்பெக்ட்ரோமீட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மொதோ ஆளு வந்துட்டுப் போனப்ப ஒண்ணும் தோணலணா. ரெண்டாவது ஆளு போனப்புறம் கண்ணாடியில பாத்தா மூக்கு பெருசா இருக்கிற மாதிரி இருந்துச்சு. அதுவரிக்கும் எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கிற நெனப்பே இல்ல. மூணாவதுக்கு அப்புறம் நடை. இப்படியே ஆறு பேரு. ஒவ்வொரு தடவையும் அவங்க பாத்துட்டுப் போனதும் நான் வேற ஆளா ஆயிட்டேன். ஏழாவது ஆளு வந்தா மிச்சம் ஒண்ணும் இருக்காதுப்பான்னு எங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் என் மனைவியைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடத்தில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தவன்.

இந்தக் குணத்தில் எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாணவி திருத்தக் கொடுத்த ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. மடித்த காகிதம். மேடம் அதைப் பிரிக்கவில்லை. விழுந்துவிடாதபடி ஓரத்தில் ஒரு பின் அடித்து, நோட்டோடு அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அந்தப் பெண்ணை வீட்டில் படிப்பை நிறுத்திவிட்டார்கள். யாரோ பையனோடு பழக்கம் என்று பேச்சு. நான் மேடத்திடம் சண்டைக்கே போனேன்.

"படிச்சிருந்தா நீங்க ஒரு வார்த்த புத்தி சொல்லியிருக்கலாம் இல்ல? அந்தப் பொண்ணு படிப்பாவது மிஞ்சியிருக்கும்."

"எங்கிட்ட குடுத்தது ரெக்கார்டுணா. லெட்டரை எங்கிட்ட குடுக்கல."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அடுத்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத்தான் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு இப்படி ஓர் ஆராய்ச்சி எங்கிருந்து வந்து வாய்த்ததோ தெரியாது. சென்னையில் அவருடைய முனைவர் பட்ட வழிகாட்டியின் ஆய்வுக்கூடத்தில் ஓரம் கட்டிய சாமான்களை இரவலாகக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் இருட்டறையில் ஒவ்வொன்றாகப் பூட்டினார். கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பம்பு. மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒரு கண்ணாடியை நிமிர்த்த ஒரு வாரம் ஆகும். தொட்டால் போச்சு, மறுபடி ஒரு வாரம்.

பெட்டிக்குள் ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்கள் கொஞ்சம். சாதாரணமாக அவை தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்குமாம். ஆறு பக்கத்திலிருந்தும் லேசர் ஒளியை அடித்து அவற்றை மெதுவாக்கி, ஒரே இடத்தில் நிற்க வைக்கிறார். ஓட்டம் குறைந்தால் அதுதான் குளிர். பூமியில் எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிர் என்றார். மே மாதம், வெளியே தார் உருகுகிற வெயில். நான் நம்பாமல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

"ஐஸு எங்க மேடம்?"

"ஐஸு இல்லணா. வெளிச்சத்தாலயே குளிர வெக்கிறது. பொட்டி சூடாத்தான் இருக்கும். அந்தப் புள்ளி மட்டும்தான் குளிரு."

சின்ன டிவி ஒன்றில் அந்தப் புள்ளியைக் காட்டினார். கடுகு அளவு, வெள்ளையாக, லேசாக நடுங்கிக்கொண்டு இருந்தது. அந்தக் கடுகுக்குள் மிக மங்கலான ஒரு பொட்டு வெளிச்சத்தை அனுப்புவார். இன்னொரு லேசரை அணைத்ததும் அந்தப் பொட்டு வெளிச்சத்தில் இருந்த சேதி மட்டும் அணுக்களில் தங்கிவிடும். மறுபடி லேசரைப் போட்டால் சேதி வெளிச்சமாகி வெளியே வரும். போன மாதிரியே வர வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

"உள்ள இருக்கிறப்ப சரியா இருக்குதான்னு ஒரு தடவ பாத்துக்கலாம் இல்ல மேடம்?"

"பாத்தா ஒடஞ்சிடும்ணா. ஜெராக்ஸும் எடுத்து வெச்சிக்க முடியாது. இன்னா இருக்குதுன்னு தெரியாமலே வெச்சிருந்து, வெச்ச மாதிரியே திருப்பிக் குடுக்கணும்."

விழுப்புரம் ஜங்ஷனில் பெட்டி படுக்கையை வாங்கி வைக்கிற கிளோக் ரூம் மாதிரியா என்று கேட்டேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய், வகுப்பிலும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எங்க அண்ணா சொன்னது" என்று சேர்த்துச் சொல்வார்.

எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும் என்று பிரின்சிபால் ஒரு நாள் வந்து கேட்டார். கண் இமைக்கிற நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றார் மேடம். "நாம நடத்துற பாடமும் பசங்க மண்டையில அவ்ளோ நேரம்தாம்மா நிக்குது, இதுக்கு எதுக்கு மிஷினு?" என்று சிரித்துவிட்டுப் போனார். மேடமும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அது அவருக்கு விளையாட்டு இல்லை. இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பதிவுக் காலம் முடிந்து, ஒரு முறை நீட்டிப்பு வாங்கி, அதுவும் 2012 ஜனவரியோடு தீர்கிற நிலை. அதற்கு மேல் கிடையாது. கல்யாணத்தை வேண்டாம் என்றவர், வீட்டைக் கேட்டதில்லை, நகையைக் கேட்டதில்லை. "இது ஒண்ணு மட்டும் முடிச்சிட்டா போதும்ணா, அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்போது ஊரெல்லாம் மின்வெட்டு. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கே இல்லாமல் கரண்டு போகும். பம்பு நிற்கக் கூடாது. லாரி பேட்டரிகள் நான்கை வரிசையாக வைத்து ஓட்டினோம். அந்தப் பம்பின் சத்தம் என் காதிலேயே குடியிருந்தது. வீட்டில் சோறு சாப்பிடும்போது மிக்ஸி நின்றால்கூடத் திடுக்கிடுவேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பம்புக்கு எண்ணெய் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எண்ணெய் மாற்றும்போது மட்டும், பெட்டிக்குப் போகிற வால்வை மூடிவிட்டுப் பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். வால்வை மூடுவது மேடம், நிறுத்துவது நான். எப்போதும் அப்படித்தான்.

2011இல் புள்ளி நன்றாகப் பிடித்தது. வெளிச்சத்தை அனுப்பி, வைத்து, திரும்ப எடுக்கிற வேலையை நாலாயிரம் தடவை செய்வது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, வழிகாட்டிக்கும் அனுப்பிவிட்டார். செய்தது எத்தனை என்பதை மட்டும் நோட்டில் எழுதுவார். எப்படி வந்தது என்பதைப் பார்க்க மாட்டார். கம்ப்யூட்டரில் அது தெரிகிற மூலையின் மேல் பழைய தினக் காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்.

"ஒரு வாட்டி பாத்தாதான் இன்னா மேடம்? இது ஒண்ணும் அணு இல்லியே, ஒடஞ்சிடுமா?"

"நான் ஒடஞ்சிடுவேன்ணா. நல்லா வந்துக்கினு இருந்தா போதும்னு நிறுத்திடுவேன். மோசமா இருந்தா இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாப்போம்னு தோணும். ரெண்டுமே திருட்டுத்தனம்."

மூவாயிரம் தாண்டியபோது ஆயுத பூஜை வந்தது.

வருடா வருடம் லேபில் பூஜை போடுவது நான்தான். எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். பொரி, சுண்டல், சாம்பிராணி. அன்றைக்கு எந்த மிஷினும் வேலை செய்யக் கூடாது, மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். இருட்டறைக்கு மட்டும் மேடம் விடமாட்டார். "வாசப்படியோட நிறுத்திடுங்கணா" என்பார். நானும் வாசற்படிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்துவிடுவேன். அந்த வருடம் அவர் அம்மாவுக்கு மூட்டு வலி என்று முதல் நாளே திண்டிவனத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

வாசற்படிக்குப் பொட்டு வைத்தேன். உள்ளே பம்பு ஓடுகிற சத்தம். எனக்கு மனசு கேட்கவில்லை. வருடக் கணக்காக ஒரு நாள்கூட ஓயாமல் உழைக்கிற மிஷின். கல்லூரியிலேயே பொட்டு வைக்காத மிஷின் அது ஒன்றுதான். மேடத்துக்கு இத்தனை வருடமாகக் காரியம் கைகூடாமல் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணமோ என்று தோன்றியது. தோன்றிய பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே போனேன். கண்ணாடிகள் பக்கம் போகவே இல்லை, அவ்வளவு புத்தி இருந்தது. பம்புக்கும் பெட்டிக்கும் சந்தனம் வைத்தேன். சூடம் காட்டினேன். மேடத்துக்கு நல்லபடியாக முடிய வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். பிறகு, பூஜை போட்ட மிஷின் ஓடக் கூடாதே என்று பம்பை நிறுத்தினேன்.

வால்வை மூடவில்லை. அது என் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை, ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதும் சத்தமே வேறு மாதிரி வந்தது. மூடாத வால்வு வழியாகப் பம்பின் எண்ணெய் பெட்டிக்குள் ஏறிவிட்டிருந்தது. கண்ணாடி ஜன்னலில் மங்கலாக ஒரு படலம். ஆபீஸ் போனிலிருந்து மேடத்தைக் கூப்பிட்டு, "பம்பு சத்தம் சரியில்ல மேடம், ஜல்தியா வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

பத்தரைக்கு வந்தார். வராந்தாவில் நான் நின்றிருந்தேன். சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. இருட்டறைக்கு நான்கு அடி முன்னால் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி, அங்க தொடைக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா தொடச்சிடுங்கணா."

துடைத்தேன். அழுதுகொண்டே துடைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் உள்ளே வந்தார். வெகுநேரம் பெட்டியின் முன்னால் நின்றார்.

பெட்டி வழிகாட்டியின் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனால் விசாரணை வந்தது. யார் நிறுத்தியது என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று தாளாளர் சொல்லியிருந்தார். பிரின்சிபால் அறையில் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டார்கள்.

"சாவி யார்கிட்டம்மா இருந்துச்சு?"

"ரெண்டு சாவி சார். ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு ஸ்டோர் ரூம் ஆணியில தொங்கும். யாரு வேணா எடுக்கலாம்."

"உள்ள யாரு போனது?"

"நான் பாக்கல சார்."

பொய் சொல்லத் தெரியாதவர் என்று கல்லூரிக்கே தெரியும். பிரின்சிபால் என்னையும் பார்த்தார். எனக்கு அப்போது இரண்டு பெண்கள், ஒருத்தி பிளஸ் டூ. நான் வாயைத் திறக்கவில்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி முடித்தார்கள்.

இருந்த மூவாயிரத்தை வைத்து எழுதச் சொன்னார் வழிகாட்டி. மேடம் காலண்டர் அட்டையைக் கிழித்துவிட்டு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார். "போன மாதிரியே வந்துச்சுன்னும் சொல்லலாம், வரலன்னும் சொல்லலாம்ணா. இத வெச்சுக்கினு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஒன்றும் சொல்ல முடியாததை அவர் சொல்லவும் இல்லை. ஜனவரி வந்தது, பதிவு ரத்தாகிப் போனது.

பிப்ரவரியில் பெட்டியைக் கழற்றினோம். ஒவ்வொரு துண்டாகக் கழுவி, சூடேற்றி, மறுபடி பூட்ட ஏழெட்டு மாதம். எதற்கு இனிமேல் இது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அணுக்கள் மறுபடி பிடித்தன. மறுபடி அட்டை ஒட்டி, முதலிலிருந்து நாலாயிரம். முடிந்த அன்று என்னைக் கூப்பிட்டு அட்டையை எடுக்கச் சொன்னார். ஏதோ ஒரு கோடு, அதற்கு மேலே புள்ளிகள். எனக்கு என்ன தெரியும்?

"போன மாதிரியே திரும்பி வந்திருக்குதுணா" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். பட்டமும் கிடையாது, பதவியும் கிடையாது, ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், அன்னிக்கு பூஜை அன்னிக்கு..."

"சொல்லாதீங்கணா."

"இல்ல மேடம், அத நான்..."

"சொன்னீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு யாராச்சும் மறுபடி கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லணும். சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரே லேபில் இருந்தோம். அவர் 'ணா' என்று கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு நிம்மதி என்று நினைப்பீர்கள். இல்லை. திட்டியிருந்தால் நிம்மதி. மன்னித்தேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதி. செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தொண்டையில் வைத்துக்கொண்டு சோறு தின்பது எப்படி என்று அந்த ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டேன். சில நாள் அவர் மேலேயே எரிச்சல் வரும்.

நான் ஓய்வு பெற்று, வர வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஒரு காலையில் திண்டிவனம் போனேன். அவர் வீட்டில்தான் இருந்தார். காபி கொடுத்தார். பிள்ளைகளை விசாரித்தார்.

"மேடம், இப்ப என்னை யாரும் வேலைய விட்டு அனுப்ப முடியாது. இப்ப சொல்லலாமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லித்தான் ஆகணுமாணா?"

"எனக்கு ஆகணும் மேடம்."

"அப்ப சொல்லுங்க."

சொன்னேன். பொட்டு வைத்தது, சூடம் காட்டியது, வேண்டிக்கொண்டது, சுவிட்சை அணைத்தது, வால்வை மறந்தது, ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசானது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

மேடம் அழுதுகொண்டிருந்தார். விசாரணை அன்று அழாதவர், பதிவு ரத்தான அன்று அழாதவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாம் அன்றைக்குக் காலையில்தான் நடந்தது போல அழுதார். "முடிஞ்சிருக்கும்ணா... இன்னும் ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். என் காபி ஆறிப்போயிருந்தது. குடிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவர் சொல்லாதே என்றதை நான் கேட்டிருக்க வேண்டும்.